கண்டவரும் கொடுத்தவரும்

சங்கேத எழுத்தின் சரித்திரத்தில் ராஜாக்களும் தளபதிகளும் நிறைய வருகிறார்கள். ஆனால் அதில் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தருடையது.

இரகசியமாகச் செய்தி அனுப்ப விரும்பும் இருவரிடமும் முதலில் ஒரே சாவி இருக்க வேண்டும். அந்தச் சாவியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி? ஆள் மூலம் அனுப்பினால் அந்த ஆளை நம்ப வேண்டும். நூற்றாண்டுக் கணக்காக இதற்குப் பரிகாரமே இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

இங்கிலாந்தில் செல்டன்ஹாம் என்ற ஊரில் பிரிட்டிஷ் சர்க்காரின் சங்கேத இலாகா இருக்கிறது. அங்கே வேலை பார்த்த ஜேம்ஸ் எல்லிஸ், இரண்டாவது உலக யுத்த காலத்து டெலிபோன் ஆராய்ச்சிக் குறிப்பு ஒன்றைப் படித்தார். பேச்சைக் கேட்கிறவர் தாமே கம்பியில் இரைச்சலை ஏற்றுகிறார். ஒட்டுக்கேட்பவனுக்கு எல்லாம் குழப்பம். ஏற்றியவருக்கோ எதைக் கழிக்க வேண்டும் என்று தெரியும். அப்படியானால், மறைக்கும் வேலையில் செய்தியைப் பெறுகிறவரும் பங்கு கொள்ளலாம் அல்லவா? அவர் திறந்த பூட்டை ஊருக்கெல்லாம் கொடுக்கட்டும். சாவி அவரிடமே இருக்கட்டும். யாரும் பூட்டலாம், அவர் ஒருவரே திறக்கலாம். 1970-ல் எல்லிஸ் இதை எழுதி வைத்தார். ஆனால் அத்தகைய பூட்டைச் செய்யும் கணித வழி அவருக்குப் புலப்படவில்லை.

1973-ல் அங்கே புதிதாக வேலைக்கு வந்த கிளிஃபோர்ட் காக்ஸ் அந்த வழியைக் கண்டார். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது சுலபம். பெருக்கி வந்த தொகையிலிருந்து அவற்றைப் பிரித்தெடுப்பது மகா கஷ்டம். அதுவே பூட்டு! ஒரே மாலையில் தோன்றிய இந்த யோசனையை வீட்டில் காகிதத்தில் குறித்துக்கொள்ளக்கூட அவருக்கு அனுமதியில்லை. மனத்திலேயே வைத்திருந்து ஆபீஸில் போய் எழுதினார். அது இரகசியக் கட்டோடு கட்டாகச் சேர்ந்துவிட்டது.

1976-ல் அமெரிக்காவில் டிஃபி, ஹெல்மன் என்ற இருவர் எல்லிஸின் கருத்தைத் தாமாகவே கண்டு அச்சிட்டார்கள். 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்ற மூவர் காக்ஸின் பூட்டை மறுபடியும் கண்டுபிடித்தார்கள். புகழ் அவர்களுக்குப் போயிற்று. செல்டன்ஹாம்காரர்கள் வாய் திறக்கவில்லை. 1997 டிசம்பரில்தான் இரகசியம் வெளியாயிற்று. எல்லிஸ் அதற்கு முந்திய மாதமே காலமாகிவிட்டார்.

இது அநியாயம் என்றுதான் கதை எழுதுகிற என் மனம் முதலில் சொல்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். இன்று நம்முடைய பாங்கிக் கணக்குகளைக் காப்பதற்கு வழி திறந்தது அச்சேறிய கருத்துத்தான். அதை ஊரார் படித்தார்கள், உடைக்கப் பார்த்தார்கள், குறை கண்டு திருத்தினார்கள். இரகசியக் கட்டில் கிடந்ததற்கு அந்தப் பாக்கியம் இல்லை. முதலில் கண்டவர் என்ற பெருமை எல்லிஸுக்கே உரியது. உலகத்துக்குக் கொடுத்தவர்கள் வேறு பேர்.

எல்லிஸ் இதை அறியாதவர் அல்ல. 1982-ல் டிஃபி அவரைத் தேடிப் போய்ப் பார்த்தார். கட்டுப்பாட்டை மீறாத அந்த மனிதர், எங்களைவிட நீங்கள்தான் அதை வைத்து அதிகம் செய்தீர்கள் என்று மட்டும் சொன்னாராம். இதைவிட நியாயமான தீர்ப்பை எந்தச் சரித்திராசிரியரும் எழுதிவிட முடியாது.