பதிவதும் பேணுவதும்

2003ஆம் ஆண்டிலே சோனி, கனன், ஷார்ப், ஜேவிசி எனும் யப்பானிய நிறுவனங்கள் நான்கும் ஒருங்குகூடி, 'எச்டீவி' என்னும் ஒளிப்பதிவு முறையை வகுத்தன. அதனால், மணவிழாவும் மழலையின் முதல் நடையும் வீட்டாரின் சிறு நாடாவிலேயே மிகு தெளிவுடன் பதிவாகலாயின.

பதிதல் எளிதாயிற்று, பேணுதலோ அரிதாயிற்று. ஒரு மணி நேரப் படம் ஏறக்குறைய 11 கிகாபைற் இடத்தை வேண்டிற்று. அந்நாளில் வழங்கிய டீவீடீ இறுவட்டோ ஓரடுக்கில் 4.7 கிகாபைற் மட்டுமே கொள்வது. 2006இல் இரு புதிய வட்டுக்கள் சந்தைக்கு வந்தன. தோஷிபா முன்னின்று கொணர்ந்த எச்டி டீவீடீ ஓரடுக்கில் 15 கிகாபைற்றும், சோனி முதலியோரின் புளூறே 25 கிகாபைற்றும் கொண்டன. ஒன்றன் கருவியில் மற்றையது பெரும்பாலும் இயங்காது. 2008 பெப்ரவரியில் தோஷிபா போட்டியினின்றும் விலகிற்று. அதனை நம்பியோரிடம் வட்டுக்கள் எஞ்சின. கருவியின் ஆக்கமோ நின்றது.

பழைய வீஎச்எஸ் நாடாவுக்கும் அக்கதியே நேர்ந்தது. அதனை இயக்கும் கருவிகளை நெடுங்காலம் ஆக்கிவந்த பூனாய் நிறுவனம் 2016 யூலையில் அப்பணியை நிறுத்திற்று.

நாடா பழுதுறாதிருப்பினும், அதனைப் படிக்கும் கருவி மறையின் படமும் மறைந்ததேயாம். ஆதலின், பதிவினைக் கணினிக் கோப்பாக்கி, ஈரிடங்களில் வைத்து, சில ஆண்டுகளுக்கொருமுறை புதிய சாதனத்திற்குப் பெயர்த்தலே தக்க வழியாகும். ஏடு செல்லரிக்குமுன் புத்தேட்டிற் பெயர்த்தெழுதியமையாலன்றோ பண்டை நூல்கள் இன்றும் வாழ்கின்றன? நாடாவில் உறங்கும் மூதாட்டியின் குரலும் அவ்வாறே காக்கப்படற்பாலது.