பத்துக் காசுகளின் அணிவகுப்பு



தோட்டத்தில் சம்பள நாளன்று வசூல் புத்தகம் வருவது உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். மாரியம்மன் திருவிழாவுக்கு, இறந்தவர் வீட்டுக் காரியத்துக்கு, பள்ளிக்கூடத்துக் கூரைக்கு என்று ஏதாவது ஒன்றுக்காக இருவர் நீளமான குறிப்பேட்டுடன் லயம் லயமாக ஏறி இறங்குவர். என் தந்தையார் ஐம்பது காசு கொடுப்பார். கொடுத்துவிட்டுத் தம் பெயரை எழுதுகிறார்களா என்று எட்டிப் பார்ப்பார். அவருக்குப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் பார்ப்பார்.

இன்று அந்தப் புத்தகத்தின் இடத்திற்குக் கைப்பேசி வந்துவிட்டது. கறுப்பும் வெள்ளையுமான ஒரு கட்டத்தைக் கைப்பேசியால் படம்பிடித்தால், இருந்த இடத்திலிருந்தே ஐந்து வெள்ளியை அனுப்பிவிடலாம். இது புதுமைதான். ஆனால் முகமறியாத ஏழை எளியவர்கள் சில்லறைக் காசுகளை ஓரிடத்திற்கு அனுப்பிப் பெருங்காரியம் ஒன்றைச் சாதிப்பது புதியதன்று. நம் நாட்டிலேயே, 1950களில் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதியைத் திரட்டியபோது சாதாரணத் தொழிலாளரும் கொடுத்தனர். அதைப் பற்றித் தனியே ஒரு நாள் பேசவேண்டும். இன்று நான் சொல்லவிருப்பது அமெரிக்காவில் நடந்தது. வானொலிக்கு அதில் பெரும் பங்கு உண்டு என்பதால் எனக்கு அதில் ஒரு தனிப் பிரியம்.

இளம்பிள்ளை வாதம் என்று நாம் அழைக்கும் போலியோ நோய், 1921 ஆம் ஆண்டில் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் என்பவரைத் தாக்கியது. அப்போது அவருக்கு வயது 39. அதன்பின் அவர் துணையின்றி நடக்கவேயில்லை. அப்படிப்பட்டவர் 1932 ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்று அமெரிக்க அதிபரானார். நோயாளிகள் நீரில் பயிற்சி பெற்றுத் தேறுவதற்காக, ஜார்ஜியா மாநிலத்து வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் ஒரு நிலையத்தையும் அவர் நடத்திவந்தார். அதற்குப் பணம் சேர்க்க, 1934 முதல் அவருடைய பிறந்த நாளான ஜனவரி 30 அன்று நாடெங்கும் நடன விருந்துகள் நடந்தன. பத்து லட்சம் டாலருக்கு மேல் முதல் ஆண்டிலேயே சேர்ந்தது. ஆனால் நடன விருந்துக்குச் செல்வது வசதி படைத்தவர்கள்தாமே!

1938 ஜனவரியில் போலியோவை எதிர்க்க ஒரு தேசிய அறநிறுவனம் தொடங்கப்பட்டது. எட்டி கேன்டர் என்ற நகைச்சுவைக் கலைஞர் வானொலியில் புகழ் பெற்றவர். அவர் ஒரு யோசனை சொன்னார். ‘டைம்’ என்பது அமெரிக்காவின் பத்துக் காசு நாணயம். ஆளுக்கு ஒரு டைம். அதை நேரே அதிபருக்கு, வெள்ளை மாளிகைக்கே அனுப்புங்கள் என்று வானொலியில் கேட்கலாம் என்றார். இதற்கு ‘டைம்களின் அணிவகுப்பு’ என்று பெயரும் வைத்தார்.

முதல் இரண்டொரு நாட்களில் வந்த கடிதங்கள் மிகச் சில. திட்டம் தோற்றது என்றே எண்ணினர். பிறகு கொட்டத் தொடங்கியது. வழக்கமாக நாளொன்றுக்கு ஐயாயிரம் கடிதம் வரும் மாளிகைக்கு, மூட்டை மூட்டையாகப் பல பத்தாயிரக் கணக்கில் தபால் வந்து குவிந்தது. ஒட்டிய நாணயம், துணியில் முடிந்த நாணயம், மெழுகில் பதித்த நாணயம் என்று எல்லாம் வந்தன. அரசாங்கக் கடிதங்களை அந்தக் குவியலிலிருந்து தேடி எடுப்பதே பெரும்பாடாயிற்று. இறுதியில் எண்ணிப் பார்த்தபோது 26 லட்சத்து 80 ஆயிரம் டைம்கள் இருந்தன. அதாவது 2 லட்சத்து 68 ஆயிரம் டாலர்.

ஒன்றைக் கவனியுங்கள். பத்துக் காசு அனுப்பக் கடிதத்திற்கு மூன்று காசுத் தபால்தலை ஒட்டவேண்டும். கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான தொகை தபாலுக்கே செலவு. ஆயினும் மக்கள் அனுப்பினார்கள்.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. கறுப்பின மக்களும் காசு கொடுத்தார்கள். ஆனால் வார்ம் ஸ்பிரிங்ஸ் நிலையம் கறுப்பின நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. காசுக்கு நிறம் பார்க்காதவர்கள் கட்டிலுக்குப் பார்த்தார்கள். இதை எதிர்த்துக் கண்டனம் எழுந்தது. 1939இல் அறநிறுவனம் பணம் ஒதுக்கி, அலபாமா மாநிலத்து டஸ்கீகி என்ற ஊரில் கறுப்பினக் குழந்தைகளுக்கென ஒரு தனி நிலையம் 1941இல் திறக்கப்பட்டது. தனியாகப் பிரித்து வைத்தது சரியென்று நான் சொல்லமாட்டேன்.

ஆண்டுதோறும் சேர்ந்த பணம் சிகிச்சைக்கும், மூச்சுவிட உதவும் இரும்பு நுரையீரல் பொறிகளுக்கும், ஆராய்ச்சிக்கும் போயிற்று. டாக்டர் ஜோனாஸ் சால்க் கண்டுபிடித்த தடுப்பூசியின் பெரும் பரிசோதனை 1954இல் நடந்தது. அதில் ஏறக்குறைய 18 லட்சம் பள்ளிப் பிள்ளைகள் பங்கு கொண்டனர். அதற்கான செலவையும் இந்தச் சில்லறைக் காசுகளே தாங்கின. ஊசி பலன் தருகிறது என்று 1955 ஏப்ரல் 12 அன்று அறிவித்தார்கள். ரூஸ்வெல்ட் இறந்து அன்றோடு சரியாகப் பத்தாண்டு. பின்னாளில் நம் நாட்டுக் குழந்தைகளின் நாவில் விட்ட சொட்டு மருந்து டாக்டர் ஆல்பர்ட் சேபின் கண்டது. அவருடைய ஆராய்ச்சிக்கும் இதே நிதி உதவியிருக்கிறது. ஆகவே முகமறியாத யாரோ ஒருவர் அனுப்பிய பத்துக் காசு, கடல் கடந்து நம் லயத்து வாசல் வரை வந்தது.

இனி நம் காலத்துக்கு வருவோம். பேபால் போன்ற இணையப் பட்டுவாடா நிறுவனங்கள் 1990களின் இறுதியில் தோன்றின. தபால் மூட்டை போயிற்று. ஆனால் தபால்தலைச் செலவு வேறு வடிவில் நீடித்தது. அமெரிக்காவில் பேபால் நெடுங்காலம் வாங்கிய கட்டணம் நூற்றுக்கு 2.9 பங்கும் அதன்மேல் 30 காசும். பத்து டாலர் அனுப்பினால் கட்டணம் 59 காசு. ஒரு டைம் அனுப்பினால்? கட்டணமே மூன்று டைமுக்கு மேல். ஏழையின் பத்துக் காசுக்கு அந்த வாசலில் இடமில்லாமல் போயிற்று.

2010 ஜனவரி 12 அன்று ஹெய்ட்டி நாட்டில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. கைப்பேசியில் ஒரு சொல்லை அனுப்பினால் பத்து டாலர் தொலைபேசிக் கட்டணத்தோடு சேரும் என்று அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் அறிவித்தது. இப்படியே 3 கோடியே 20 லட்சம் டாலருக்கு மேல் திரண்டது. எல்லா வழியிலும் சேர்ந்தது ஏறக்குறைய 50 கோடி டாலர். 2015இல் இரண்டு அமெரிக்கச் செய்தி நிறுவனங்கள் கணக்கைத் தோண்டிப் பார்த்தன. புதிதாகக் கட்டிய நிரந்தர வீடுகள் ஆறே ஆறு என்று எழுதின. வீடு பழுதுபார்க்கவும் வாடகைக்கும் தற்காலிகக் குடில்களுக்கும் உதவினோம் என்று சங்கம் பதில் சொன்னது. வாதம் தீர்ந்தபாடில்லை. கொடுக்க ஒரு நொடி போதும். கணக்குக் கேட்க ஐந்து ஆண்டு ஆயிற்று.

நம் பக்கத்தில் இப்போது டூயிட்நௌ கட்டங்கள் வந்துவிட்டன. சிறு தொகை அனுப்புவோருக்கு அதில் கட்டணம் பிடிப்பதில்லை; பத்துக் காசுக்கு மறுபடியும் வழி திறந்திருக்கிறது. ஆனால் 2023 ஏப்ரலில் ஜகார்த்தா நகரத்துப் பள்ளிவாசல்களில், நன்கொடைப் பெட்டிகள் மீது ஒருவன் தன் சொந்தக் கட்டத்தை ஒட்டிவிட்டுப் போன செய்தி வந்தது. கட்டத்தைப் பார்த்து எவராலும் வேறுபாடு சொல்லமுடியாது. எனினும் பணம் கைவிட்டுப் போகுமுன், பெறுபவரின் பெயர் கைப்பேசித் திரையில் தோன்றும். கோயில் பெயரா, சங்கத்தின் பெயரா, யாரோ ஒரு தனி ஆளின் பெயரா என்று அங்கே நின்று பார்க்கவேண்டும். வீட்டில் படிக்கத் தெரியாத பெரியவர்கள் இருந்தால், பிள்ளைகள் அதை அவர்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டலாம்.