அளவிலே பிழை

நோய்க்குக் காரணம் காண்பது எளிய செயலன்று. ஒரு நோயோடு ஒரு பொருளுக்குத் தொடர்பு தோன்றினால், அதுவே காரணம் என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. அத்தகைய முடிவு ஒன்றின் வரலாற்றை மாணவ நண்பர்களுக்கு இன்று கூற விரும்புகிறேன்.

காரட்டிலும் கீரையிலும் பீட்டா கரோட்டின் என்னும் சத்து உண்டு. இதனை மிகுதியாக உண்போருக்குப் புற்றுநோய் குறைவு என்று பல ஆய்வுகள் கண்டன. 1981-ஆம் ஆண்டில் ரிச்சர்ட் பீட்டோ, ரிச்சர்ட் டால் முதலிய அறிஞர்கள் அச்சான்றுகளை ஆராய்ந்து 'நேச்சர்' இதழில் எழுதினர். இச்சத்து மெய்யாகவே காக்கிறதா என்பதைக் கட்டுப்பாடான சோதனையால் அறியலாம் என்றும் குறித்தனர்.

இங்கே ஓர் இடர் மறைந்திருந்தது. புகை பிடிப்போர் பொதுவாகக் காய்கனிகளைக் குறைவாக உண்பர். அவர்கள் இரத்தத்திலும் இச்சத்து குறைவு. எனின், நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் சத்துக் குறைவா, புகையா? இவ்வாறு இடையே நின்று மயக்குவதைக் குழப்பும் காரணி என்பர். அதனை விலக்கக் கருதிய ஆராய்ச்சியாளர், ஒரே அளவு புகைப்போரைத் தம்முள் ஒப்பிட்டனர்.

அந்த அளவை அறிந்தது எவ்வாறு? பெரும்பாலும் "நாளைக்கு எத்தனை சிகரெட்?" என்று கேட்டே! இருவர் "20" என்று விடை கூறுவதாகக் கொள்வோம். ஒருவர் ஆழ இழுப்பவர். மற்றவர் பாதியில் எறிபவர். ஏட்டில் இருவரும் சமம், நுரையீரலில் சமமல்லர். மிகுதியாகப் புகைத்தவரிடமே சத்தும் குறைந்திருக்கும். கணக்கில் அகப்படாத புகையின் குற்றம் சத்துக் குறைவின் தலையில் ஏறுகிறது. சத்தோ, தான் செய்யாத நன்மைக்குப் புகழ் பெறுகிறது.

ஆயிரம் பேருக்குப் பதிலாக இலட்சம் பேரை ஆராய்ந்தால் இப்பிழை நீங்காதோ எனில், நீங்காது. தற்செயலான ஏற்றத்தாழ்வுகள் எண்ணிக்கை பெருகப் பெருக மங்கும். குழப்பும் காரணியை அளந்ததில் நேர்ந்த பிழையின் விளைவு மங்குவதில்லை. தவறான விடைதான் மேலும் உறுதியாகத் தோன்றும்.

பின்லாந்தில் 1985-இல் தொடங்கி 1993 வரை, புகை பிடிக்கும் ஆடவர் 29,133 பேரிடம் சோதனை நடந்தது. யாருக்குச் சத்து, யாருக்கு வெற்று மாத்திரை என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தனர். அம்முறையில் அளந்த வேற்றுமையும் அளக்காத வேற்றுமையும் இருபுறமும் ஏறக்குறையச் சமமாகப் பங்கிடப்படும். 1994-இல் முடிவு வெளிவந்தது. சத்தை உண்டோரிடையே நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 விழுக்காடு மிகுந்திருந்தது! அமெரிக்காவில் புகைத்தோரும் கல்நார்த் தொழிலாளருமாக 18,314 பேரிடம், இச்சத்தோடு வைட்டமின் ஏ-யும் சேர்த்து நடத்திய சோதனையிலும் நோய் மிகுந்தது. 1996 சனவரியில் அது இடையிலேயே நிறுத்தப்பட்டது.

புகையை அளந்ததில் நேர்ந்த குறையே முழுக் காரணம் என்று நான் கூறவில்லை. காய்கனி உண்போரின் ஏனைய நல்வழக்கங்களும் அவ்வாறே கணக்கினின்று நழுவியிருத்தல் கூடும். ஆயினும் பாடம் ஒன்றே. "புகைப்பழக்கத்தையும் கணக்கில் கொண்டோம்" என்று ஓர் ஆய்வு கூறுமாயின், அதனை எவ்வளவு செம்மையாக அளந்தீர்கள் என்று கேளுங்கள். அவ்வினாவின் விடையில் மனித உயிர்கள் அடங்கியிருக்கின்றன.