மண்ணெண்ணெயில் ஓடிய கார்களும் 'உள்நாட்டு' காரும்

வாகனம் வாங்கப் போகிற ஆளிடம் ஸ்கந்தபுரம், அக்கராயன் பக்கத்தில் சனம் கேட்கிற முதல் கேள்வி விலை பற்றியதில்லை. "சாமான் எடுக்கலாமோ?" என்பதுதான். சாமான் என்றால் உதிரிப்பாகம். எந்த நாட்டுக் கார், யார் செய்தது என்பதெல்லாம் அதற்குப் பிறகு. உள்நாட்டு உற்பத்தியை வாங்குங்கோ என்று தேசப்பற்றோடு சொல்லுகிற குரல் இப்போது திரும்பவும் கேட்கிறது. அதனால் இந்தச் 'சாமான்' கேள்வி எங்கேயிருந்து வந்தது என்று கொஞ்சம் பின்னுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தோம்.

1950களில் இலங்கைக்கு என்று சொந்தக் கார் இல்லை. வடக்கின் வீதிகளில் ஓடியவை இங்கிலாந்துக் கார்கள்: ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட், கேம்பிரிட்ஜ். வாடகைக் கார் என்றாலே சனத்துக்கு 'ஏ போட்டி' தான். கடலுக்கு அந்தப் பக்கம், சென்னைக்கு வடக்கே எண்ணூரில், 1948இல் அசோக் மோட்டர்ஸ் என்று ஒரு கொம்பனி தொடங்கியதே ஒஸ்ரின் கார்களைப் பொருத்துவதற்குத்தான். 1955இல் அது அசோக் லேலண்ட் ஆகி, லொறிக்கும் பஸ்ஸுக்கும் மாறிவிட்டது. அதே ஒஸ்ரின் அங்கே பாதி உள்ளூர்க் கார், இங்கே முழு வெளிநாட்டுக் கார்.

ஆனால் இங்கே சண்டை வந்தது காரில் இல்லை, நம்பர் பிளேட்டில். 1957 தொடக்கம் வாகன இலக்கத் தகட்டில் சிங்கள 'ஸ்ரீ' போட வேண்டும் என்று அரசாங்கம் சொன்னது. 1958இல் புதிதாகத் தேசியமயமான போக்குவரத்துச் சபையின் பஸ்கள் அந்த எழுத்தோடு வடக்குக்கு வந்தபோது அதன் மேல் தமிழ் 'ஸ்ரீ' எழுதப்பட்டது. தெற்கில் தமிழ் எழுத்துகள் மேல் தார் பூசப்பட்டது. கார் இங்கிலாந்துக்காரனுடையது என்பதில் ஒருவருக்கும் கோபமில்லை. 'உள்நாடு' என்ற சொல் இங்கே என்ன பாரத்தோடு வந்தது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குத் தெரியவில்லை.

அடுத்து வந்தது பூட்டிய சந்தை. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி இறுகியது. 1970-77 சிறிமாவோ ஆட்சியில் இன்னும் இறுகியது. அந்த இடைவெளிக்குள் வந்தவர்தான் உபாலி விஜேவர்தன. கண்டோஸ் சொக்கலேட், டெல்ரா ரொபி செய்த அதே ஆள். ஃபியட், மாஸ்டா கார்களை இங்கேயே பொருத்தி விற்றார். சனம் அதை 'உபாலி ஃபியட்', 'உபாலி மாஸ்டா' என்றது. பெயர் எங்கட நாட்டுக்காரருடையது, எஞ்சின் இத்தாலியிலும் ஜப்பானிலும் இருந்து வந்தது.

1977இல் ஜே.ஆர். ஜெயவர்தன பொருளாதாரத்தைத் திறந்துவிட்டார். ஜப்பானில் ஓடித் தேய்ந்த ரீகண்டிஷன் வாகனங்கள் கப்பல் கப்பலாக வந்தன. உள்ளூரில் பொருத்திய காரால் அதோடு நிற்க முடியவில்லை. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சுதந்திர வர்த்தக வலயத்தை நடத்த 1978இல் அமைத்த பாரிய கொழும்புப் பொருளாதார ஆணைக்குழுவின் முதல் தலைவர் இதே உபாலிதான். பூட்டிய கதவுக்குள் கார் செய்தவரே கதவைத் திறக்கிற வேலைக்கும் போனார். 1983 பெப்ரவரியில் கோலாலம்பூரிலிருந்து வந்த அவருடைய விமானம் காணாமலே போய்விட்டது.

இந்தியாவிலும் இதே கதைதான், அளவு பெரிது. யாழ்ப்பாணத்தில் மொறிஸ் ஒக்ஸ்போட் என்று ஓடிய காரை அங்கே 'அம்பாசடர்' என்று 1950களின் கடைசியில் தொடங்கி 2014 வரை செய்தார்கள். போட்டியே இல்லாததால் மாற்ற வேண்டிய தேவையும் இருக்கவில்லை. 1983 டிசம்பரில் சுசுகியின் தொழில்நுட்பத்தோடு மாருதி 800 வந்ததும் நிலைமை தலைகீழானது. சென்னையின் ஸ்டாண்டர்ட் மோட்டர் 1985இல் 'ஸ்டாண்டர்ட் 2000' என்று ஒரு ஆடம்பரக் காரை விட்டது. வெளியில் ரோவர் எஸ்டி1 உடம்பு, உள்ளுக்குள் பழைய வான்கார்ட் எஞ்சின். பெற்றோலைக் குடித்தது, வேகம் வரவில்லை. கொம்பனியே அதோடு படுத்துவிட்டது. ஊர்ப்பற்று இருந்தவர்கள்கூட மாருதிக்குத்தான் வரிசையில் நின்றார்கள்.

வன்னிக்கு வருவோம். 1990 ஜூனில் போர் திரும்பத் தொடங்க, பொருளாதாரத் தடையும் வந்தது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, வாகன உதிரிப்பாகம் எல்லாம் தடை. மண்ணெண்ணெய் மட்டும் மட்டுப்பட்ட அளவில் வந்தது. ஒரு நாட்டுக்குள்ளேயே இன்னொரு பூட்டிய சந்தை. கொழும்பில் பூட்டியது உள்ளூர் முதலாளிக்கு வாய்ப்புக் கொடுத்தது. இங்கே பூட்டியது எந்தக் கார் உண்மையில் நல்ல கார் என்று காட்டியது.

மண்ணெண்ணெயில் கார் ஓட்டுவது மந்திரமில்லை. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. அதனால் சின்னப் போத்தலில் கொஞ்சப் பெற்றோல் வைத்து, மெல்லிய குழாயால் காபரேற்றருக்கு விட்டு ஸ்ராட் பண்ண வேண்டும். எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றலாம். ஆனால் எஞ்சினுக்குள் அமுக்கம் கூடினால் மண்ணெண்ணெய் நேரத்துக்கு முந்தி வெடித்து, எஞ்சின் 'டக் டக்' என்று அடிக்கும். ஏ40 போன்ற பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் 7க்கு 1 அளவில்தான். தாங்கிக்கொண்டன. அதற்குப் பிறகு வந்த ஜப்பான் பெற்றோல் கார்களில் விகிதம் கூட. அவை அவ்வளவு சுலபத்தில் இணங்கவில்லை. கார் போன வழியெல்லாம் வெள்ளைப் புகையும் மணமும் நிற்கும். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும். அதனால் ஒயிலை அடிக்கடி பார்க்க வேண்டும், அந்த ஒயிலுக்கும் தட்டுப்பாடு.

அப்படியே ஓடின. உலகம் கைவிட்ட நாற்பது வயதுக் கார்கள். அவை ஓடினது இங்கிலாந்துக்காரனின் கெட்டித்தனத்தால் மட்டுமில்லை. திறந்து பார்த்தால் விளங்குகிற மாதிரிச் செய்யப்பட்டிருந்தன, ஒரு பட்டறையில் கடைந்து செய்த துண்டைப் போட்டாலும் வேலை செய்தன. எங்கட கணக்கில், 1990களின் வன்னியில் ஓடிய ஏ40 தான் இந்தத் தீவின் முதல் உண்மையான உள்ளூர்க் கார். பாதிச் சாமானாவது இங்கே செய்யப்பட்டிருக்கும்!

1996இல் கிளிநொச்சி நகரம் இராணுவத்திடம் போக, சனம் மேற்கே ஸ்கந்தபுரம், அக்கராயன் என்றும் தெற்கே மல்லாவி என்றும் சிதறியது. அப்போது வீட்டையே தூக்கிக்கொண்டு போனது கார் இல்லை, மசி பெர்குசனும் லான்மாஸ்ரரும்தான். 'லான்மாஸ்ரர்' என்பதே ஒரு இங்கிலாந்துக் கொம்பனியின் பெயர். கொம்பனி மறைந்துபோக, குபோட்டாவையும் சனம் லான்மாஸ்ரர் என்றே கூப்பிட்டது. மசியும் இங்கிலாந்தில் செய்யப்பட்டது. 1960 தொடக்கம் சென்னையின் டாஃபே கொம்பனியும் அதைச் செய்கிறது. 2009இல் முள்ளிவாய்க்கால் வரை சனத்தோடு போனவையும் இவைதான். போர் முடிந்த பிறகு இந்தியா வடக்குக்கு 500 உழவு இயந்திரங்கள் கொடுத்தது.

தெற்கில் இதற்கிடையில் இன்னொரு உள்நாட்டுக் கார் வந்திருந்தது. 1995இல் லோறன்ஸ் பெரேரா தொடங்கிய மைக்ரோ. 'பிரிவிலேஜ்' என்ற சின்னக் காரோடு ஆசையாகத்தான் தொடங்கினார்கள். பிறகு கொரியாவின் சங்யொங், சீனாவின் ஜீலி பண்டா என்று மைக்ரோ பெயர் ஒட்டிய வெளிநாட்டுக் கார்களே கூடுதலாக விற்றன. அவற்றை வாங்கியவர்களும் நாட்டுப்பற்றில் வாங்கினார்கள் என்று சொல்ல மாட்டோம். விலை கையில் இருந்த காசுக்குச் சரிவந்தது.

வன்னியில் போருக்குப் பிறகு விசுவாசத்துக்கு வேறு ஒரு பெயர் வந்தது: லீசிங். எந்தக் கொம்பனி குறைந்த முற்பணத்துக்குக் கொடுக்குதோ அந்த ஓட்டோ, அந்த மோட்டார் சைக்கிள். இரண்டு மாதம் கட்டாவிட்டால் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். இதில் தரம் எங்கே, விருப்பம் எங்கே?

2020 மார்ச்சில் கதவு திரும்பப் பூட்டியது. வாகன இறக்குமதித் தடை ஐந்து வருடம் நீடித்தது, பழைய வாகனத்தின் விலை ஏறிக்கொண்டே போனது. உள்ளூரில் பொருத்தும் தொழிற்சாலைகள் பற்றிய பேச்சு கூடியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி திறந்தது, வரி பயங்கரம். உபாலியின் கதையை அறிந்தவர்களுக்கு இப்போது பொருத்துகிற கார்களைப் பற்றிக் கொஞ்சம் பயம் இருப்பது நியாயம். சீன மின்சாரக் கார்களும் வந்து நிற்கின்றன. அவை மண்ணெண்ணெயும் கேட்காது, பெற்றோலும் கேட்காது. ஆனால் பற்றரி போனால் கிளிநொச்சியில் யார் திறப்பது என்று கேட்கிறார்கள். பழைய கேள்விதான்.

தடைக்காலத்தில் கார் ஓட்டினவர்கள், கராஜில் நின்றவர்கள் இப்போது அறுபது எழுபது வயதுக்காரர். எந்தத் துண்டை எதில் செய்தார்கள், எந்த எஞ்சின் எத்தனை நாள் தாங்கியது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். உங்கட வீட்டில், ஒழுங்கையில் அப்படி ஒரு அப்பப்பாவோ மாமாவோ இருந்தால், போனில் பதிவு செய்து வையுங்கோ. எங்களுக்கும் அனுப்புங்கோ.