வரவேற்பறைக்கு வந்த கணினி

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 1990களின் பிற்பகுதியில், தமிழ்ப்படம் என்றால் பல வீடுகளில் விசிடிதான். 1993இல் வகுக்கப்பட்ட அத்தரத்தின்படி ஒரு வட்டில் 74 நிமிடங்களே அடங்கும். ஆகவே இரண்டரை மணி நேரப் படத்திற்கு மூன்று வட்டுகள் தேவைப்பட்டன. கதை சூடுபிடிக்கும் நேரத்தில் எழுந்து போய் வட்டை மாற்ற வேண்டும். கீறல் விழுந்திருந்தால் காட்சி அப்படியே நின்றுவிடும்.

1996இல் ஜப்பானில் அறிமுகமான டிவிடி, முழுப்படத்தையும் ஒரே வட்டில் தந்தது. ஆனால் அலமாரியில் வட்டுகள் பெருகிக்கொண்டே போயின. எல்லாப் படங்களையும் ஒரே கணினியில் சேமித்து, சோபாவில் அமர்ந்தபடி தொலைக்காட்சியில் பார்க்க முடியாதா என்ற ஆசை அங்கேதான் பிறந்தது.

இவ்வரலாற்றில் 2002 முக்கியமான ஆண்டாகும். மைக்ரோசாப்ட் நிறுவனம் ரிமோட் மூலம் இயக்கக்கூடிய விண்டோஸ் எக்ஸ்பி மீடியா சென்டர் பதிப்பை வெளியிட்டது. லினக்ஸ் ஆர்வலர்களின் மித்டிவி தொடங்கியதும் அதே ஆண்டில்தான். எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவியில் படம் பார்க்கத் தன்னார்வலர்கள் எழுதிய மென்பொருளும் அவ்வாண்டே வந்தது. 2014 முதல் 'கோடி' என்று அழைக்கப்படும் மென்பொருள் அதன் வழிவந்ததே.

மென்பொருள் கிடைத்தும் இடம் போதவில்லை. ஒரு டிவிடி படத்திற்கு 7 ஜிகாபைட் என்று கொண்டால், அக்காலத்து 80 ஜிகாபைட் வன்தட்டில் பதினொரு படங்கள்தாம் அடங்கும். 2003இல் நிறைவுபெற்ற எச்.264 சுருக்கமுறை, தரம் அதிகம் குறையாமல் கோப்புகளைச் சிறிதாக்கியது. 2007இல் ஹிட்டாச்சி முதல் ஒரு டெராபைட் வன்தட்டைக் கொண்டுவந்தது. சுருக்காமலேயே ஏறத்தாழ 140 படங்களை அதில் வைக்கலாம். மின்விசிறியின் இரைச்சல் குறைந்த பெட்டியைத் தேடுவதும், கோப்புகளுக்கு ஒழுங்காகப் பெயரிடுவதும் ஆர்வலர்களின் ஓய்வுநேர வேலையாயின.

இடப் பிரச்சினையைவிடப் பெரியது பூட்டுப் பிரச்சினை. டிவிடிகள் சங்கேத முறையில் பூட்டப்பட்டிருந்தன. அதைத் திறக்கும் நிரல் 1999இல் வெளியானது. அதன் தொடர்பில் வழக்கைச் சந்தித்த நார்வே இளைஞர் யோன் லெக் யோஹன்சன் 2003இல் விடுவிக்கப்பட்டார். அமெரிக்காவிலோ, பூட்டை உடைப்பதை 1998ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்திருந்தது. டிவிடிகளைச் சேமித்துவைக்கும் கருவியை விற்ற கலைடெஸ்கேப் நிறுவனத்தின்மீது 2004இல் வழக்குத் தொடரப்பட்டது. 2007இல் நிறுவனம் வென்றது; 2009இல் மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு மாறியது. 2014இல்தான் சமரசம் ஏற்பட்டது. காசு கொடுத்து வாங்கிய வட்டு யாருக்குச் சொந்தம் என்ற எளிய கேள்விக்குப் பத்தாண்டுகள் கடந்தும் எளிய விடை கிடைக்கவில்லை.

அதற்குள் காலம் மாறியது. 2015இல் வந்த விண்டோஸ் 10 மீடியா சென்டரைக் கைவிட்டது. 2016 ஜனவரியில் நெட்பிளிக்ஸ் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கால்பதித்தது. மாதக் கட்டணம் செலுத்தினால் போதும். வட்டும் வேண்டாம், வன்தட்டும் வேண்டாம் என்றானது. ஆனால் உரிம ஒப்பந்தம் முடிந்ததும் படம் பட்டியலிலிருந்து மறைந்துவிடுகிறது. நேற்று பார்த்த படத்தை இன்று தேடினால் இருப்பதில்லை.

1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' படத்தின் பிரதி எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. பிரதி இல்லையேல் படமும் இல்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. வன்தட்டும் என்றாவது ஒருநாள் பழுதாகும். ஆகவே சேர்த்துவைத்தவர்கள் இன்னொரு வன்தட்டிலும் பிரதி வைத்திருப்பது நல்லது. குறிப்பாக, அப்பா அம்மாவின் திருமண ஒளிநாடா அலமாரியில் இருந்தால், அதைக் கணினிக்கு மாற்ற எவருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அந்தப் படம் எந்த நிறுவனத்தின் பட்டியலிலும் வரப்போவதும் இல்லை.