உடைந்த இறக்கை சொல்லித்தந்த வரலாறு



விளம்பரப் பலகைக்குப் பாவிக்கும் பிளாஸ்டிக் தகட்டில் எமது மாணவர்கள் ரிமோட் விமானம் ஒன்று செய்தார்கள். தாழப் பறந்து சட்டென மேலெழும்பியபோது இறக்கை நடுவில் மடிந்து, மைதானத்தில் விழுந்தது. "இன்னும் தடிப்பான தகடு போடுவோமா சேர்?" என்றார்கள். நாம் வரலாற்றைப் புரட்டினோம்.

1896இல் அமெரிக்காவின் மிச்சிகன் ஏரிக்கரை மணல்மேடுகளில் ஒக்டேவ் சனூட்டின் கிளைடர் பறந்தது. அவர் புகையிரதப் பாலங்கள் கட்டிய பொறியியலாளர். பாலத்தைத் தாங்கும் முறையையே இறக்கைக்கும் கொண்டுவந்தார்: மேலும் கீழும் இரண்டு இறக்கைகள், இடையே மரத்தூண்கள், குறுக்கே இழுத்துக் கட்டிய கம்பிகள். ரைட் சகோதரர்களும் இந்த வழியையே பின்பற்றினார்கள். 1903 டிசம்பர் 17இல் அவர்களது விமானம் முதன்முதலாக 12 செக்கன்கள் பறந்தது.

1915இல் ஜேர்மனியின் ஹியூகோ ஜங்கர்ஸ் வெளிக்கம்பிகளே இல்லாத உலோக விமானத்தை உருவாக்கினார். தாங்கும் எலும்பு இறக்கைக்குள்ளேயே போய்விட்டது.

காற்று இறக்கையை மேலே தள்ளும்போது, அதை வளைக்கும் விசை உடலோடு சேரும் இடத்தில்தான் அதிகம். தகட்டைத் தடிப்பாக்கினால் பாரமும் கூடும். ஆகவே மாணவர்கள் நடுவைக் கடந்து இருபுறமும் ஓடும் ஒரே மரச்சட்டத்தை இறக்கைக்குள் வைத்து ஒட்டினார்கள். அடுத்த வாரம் அதே விமானம் மடியாமல் பறந்தது.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்: பிள்ளை செய்தது உடைந்தால் ஏசாதீர்கள். எங்கே உடைந்தது, ஏன் உடைந்தது என்று கேளுங்கள்.