செயற்றிட்ட முகாமைத்துவச் சான்றிதழ்க் கல்வி: ஒரு வரலாற்று நோக்கு

பகலிலே தொழில் புரிந்து மாலையிலே கற்போருக்கென அமைந்த பட்டப்பின் சான்றிதழ் நெறிகளுள் செயற்றிட்ட முகாமைத்துவம் இன்று முக்கிய இடம் பெறுகின்றது. ஐக்கிய அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் பல்கலைக்கழகங்கள் இதனை மாலை வகுப்புகளாகவும் தொலைக்கல்வியாகவும் நடத்துகின்றன. பொறியியலாளர், கணினி வல்லுநர், தாதியர், அரச அலுவலர் எனப் பல திறத்தோரும் இதனை நாடுகின்றனர். இதனை வெறும் தொழில்நுட்பப் பயிற்சி எனக் கருதி, பண்பாட்டையும் சமூகத்தையும் ஆராய்வோர் ஒதுக்கிவிடுவதுண்டு. அது தவறென்பதே எமது கருத்தாகும். இரு வேறு வரலாற்று ஓட்டங்கள் வந்து கூடிய இடமே இக்கல்வி நெறி. ஒன்று, உழைப்போர் தம் ஓய்வு நேரத்திலே அறிவைத் தேடிய வரலாறு. மற்றையது, உழைப்பைத் திட்டமிடும் அறிவு உழைப்போரிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்ட வரலாறு. இவற்றை ஒருங்கே நோக்கினாலன்றி இச்சான்றிதழின் சமூகப் பொருள் விளங்காது.

முதலாவது ஓட்டத்தின் தோற்றுவாய் கைத்தொழிற் புரட்சிக் காலப் பிரித்தானியாவில் உள்ளது. ஜோர்ஜ் பேர்க்பெக் 1800 ஆம் ஆண்டிலே கிளாஸ்கோ நகரக் கைவினைஞருக்கு அறிவியல் விரிவுரைகளை இலவசமாக ஆற்றத் தொடங்கினார். 1823 இல் இலண்டன் தொழில்வினைஞர் நிறுவகம் உருவாயிற்று. அதன் தொடக்கத்திலேயே ஒரு கருத்து மோதல் எழுந்தமை அவதானிக்கத்தக்கது. நிறுவகம் தொழிலாளரின் பணத்திலேயே இயங்க வேண்டும் என்றார் தோமஸ் ஹொட்ஸ்கின். செல்வந்தரின் உதவியை ஏற்கலாம் என்றார் பிரான்சிஸ் பிளேஸ். பணம் தருவோரே பாடத்தையும் தீர்மானிப்பர் என்ற அச்சமே ஹொட்ஸ்கினுடைய நிலைப்பாட்டின் அடிப்படை. நடைமுறையில் பிளேஸின் வழியே வென்றது. ஆயினும் ஹொட்ஸ்கின் அங்கு அரசியற் பொருளாதாரம் பற்றி விரிவுரையாற்றினார். அவை 1827 இல் நூலாயின. பின்னாளில் கார்ல் மார்க்ஸ் அவரது எழுத்துக்களைக் கருத்தூன்றிக் கற்றார் என்பது பலரும் அறிந்ததே.

அதே முரண்பாடு அடுத்த நூற்றாண்டிலும் தலைதூக்கிற்று. தொழிலாளருக்கென 1899 இல் ஒக்ஸ்போர்ட் நகரில் தொடங்கப்பெற்ற ரஸ்கின் கல்லூரியிலே, 1909 இல் மாணவர் விரிவுரைகளைப் பகிஷ்கரித்தனர். அதிபர் டெனிஸ் ஹேர்ட் பதவி நீக்கப்பட்டமை உடனடிக் காரணம். தொழிலாளர் கல்வி பல்கலைக்கழகத்தின் ஆதிக்கத்துக்கு உட்படுவதா, தொழிலாளர் இயக்கத்துக்குப் பொறுப்புக் கூறுவதா என்பதே அடிப்படைப் பிரச்சினை. பகிஷ்கரித்தோர் அவ்வாண்டிலேயே மத்திய தொழிற் கல்லூரியை நிறுவினர். அது 1929 இல் மூடப்பட்டது. எனினும் மாலை நேரக் கல்வியின் உள்ளடக்கத்தை யார் வகுப்பது என்ற வினாவை அது வரலாற்றில் நிலைநிறுத்திச் சென்றது.

இரண்டாவது ஓட்டம் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் உருப்பெற்றது. 1911 இல் பிரெடெரிக் டெயிலரின் அறிவியல் முகாமைத்துவம் பற்றிய நூல் வெளிவந்தது. வேலையைச் செய்யும் முறை பற்றிய அறிவைத் தொழிலாளரிடமிருந்து திரட்டித் திட்டமிடும் பிரிவொன்றிடம் ஒப்படைப்பதே அவருடைய முறையின் சாரம். அவ்வாண்டிலேயே வாட்டர்டவுன் படைக்கலச் சாலையில், நிறுத்தற் கடிகாரங் கொண்டு வேலையை அளந்தமையை எதிர்த்து வார்ப்புத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். விசாரணைகள் நடந்தன. 1915 இல் அமெரிக்க நாடாளுமன்றம், இராணுவத் தொழிற்சாலைகளில் இத்தகைய கால அளவைக்கு நிதி வழங்குவதைத் தடை செய்தது. தமது காலம் தம்மிடமிருந்து பறிக்கப்படுவதை அத்தொழிலாளர் தெளிவாகவே உணர்ந்திருந்தனர்.

டெயிலரோடு பணியாற்றிய ஹென்றி கான்ட், முதலாம் உலகப் போர்க் காலத்தில் தமது சலாகை வரைபுகளைப் படைக்கல உற்பத்தியில் பயன்படுத்தினார். இன்றும் செயற்றிட்ட முகாமைத்துவ மாணவர் கற்கும் முதற் கருவிகளுள் அவ்வரைபு ஒன்று. ஆனால் இலாபத்தை முதன்மைப்படுத்தும் தொழில் அமைப்பைக் கான்ட் தம் இறுதிக் காலத்திலே கண்டித்தார் என்பதைப் பாடநூல்கள் பெரும்பாலும் கூறுவதில்லை. அவர் 1919 இல் மறைந்தார். அவரோடு இணைந்து பணியாற்றிய சோசலிசப் பொறியியலாளர் வால்டர் பொலக்கோவ், 1929 இலே சோவியத் நாட்டுக்குச் சென்று அங்கு அவ்வரைபுகளைப் புகுத்துவதில் ஈடுபட்டார்.

லெனினுடைய நிலைப்பாட்டையும் இவ்விடத்து நோக்குதல் வேண்டும். 1914 இல் அவர் டெயிலர் முறையை மனிதனை இயந்திரத்துக்கு அடிமையாக்குவதெனச் சாடினார். 1918 இலோ அதன் அறிவியற் கூறுகளைச் சோவியத் அரசு கற்றுப் பயன்படுத்த வேண்டும் என்றார். இதனை முரண்பாடு எனக் கூறி முடித்துவிடுதல் எளிது. ஒரு நுட்பத்தின் அறிவுக் கூறு வேறு, அது இயங்கும் உற்பத்தி உறவு வேறு என்ற வேறுபாடே இங்கு அடிப்படையானது. எனினும் இரண்டையும் அத்துணை எளிதாகப் பிரித்துவிடலாம் என்ற நம்பிக்கை, தொழிற்சாலைக்குள் தொழிலாளரின் அதிகாரம் பற்றிய வினாவைப் பின்தள்ளிற்று என்பதையும் நாம் மறுப்பதற்கில்லை.

செயற்றிட்ட முகாமைத்துவம் ஒரு தனித்துறையாக முகிழ்த்தது பனிப்போர்க் காலத்திலாகும். 1957 இல் டுபோன்ட் இரசாயனக் கம்பனியின் தேவைக்காக அவதிப் பாதை முறை வகுக்கப்பட்டது. ஒன்றையொன்று சார்ந்த வேலைகளின் மிக நீண்ட தொடரைக் கண்டறிந்தால், செயற்றிட்டம் முடிவதற்கு வேண்டிய மிகக் குறைந்த காலம் புலனாகும் என்பதே அதன் அடிப்படை. 1958 இல் அமெரிக்கக் கடற்படை, போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காகப் பேர்ட் என்னும் வலையமைப்பு முறையை உருவாக்கிற்று. அத்திட்டத்தின் வெற்றிக்குப் பேர்ட் முறையே காரணம் எனப் பரப்பப்பட்டது. ஆனால் ஹாவி சபோல்ஸ்கி 1972 இல் வெளியிட்ட ஆய்விலே, வெளியார் தலையீட்டிலிருந்து அத்திட்டத்தைக் காக்கும் கேடயமாகவே அது பெரிதும் பயன்பட்டதெனக் காட்டினார். ஆகவே அறிவியல் முகம் பூண்ட இக்கருவி, பிறந்தபோதே அரசியற் கருவியாகவும் இருந்தது.

1969 இல் அமெரிக்காவில் செயற்றிட்ட முகாமைத்துவ நிறுவகம் அமைக்கப்பெற்றது. 1984 இல் அது தொழில்முறைச் சான்றிதழை வழங்கத் தொடங்கிற்று. அச்சான்றிதழ் பெற்றோர் அதனைத் தக்கவைக்க மூன்றாண்டுக்கு 60 அலகுகள் கல்வி பெற்றுப் புதுப்பிக்க வேண்டும். தேர்ச்சி ஒரு கைவினைஞனின் கையிலே நிலையாக ஊறி நின்ற காலம் மாறி, வாடகை செலுத்தித் தக்கவைக்கும் பொருளாக அது ஆகியுள்ளமை இதனாற் புலனாகும். பல்கலைக்கழகங்களின் பட்டப்பின் சான்றிதழ்களும் இச்சந்தையோடு தொடர்புற்றே வளர்ந்தன. டெயிலர் காலத்தில் தொழிலாளரிடமிருந்து திரட்டப்பட்ட அறிவின் வாரிசு, இன்று ஊதியம் பெறுவோருக்கே கட்டணத்துக்கு விற்கப்படுகின்றது.

இச்சான்றிதழை நாடும் மாணவரின் வர்க்க நிலை சிக்கலானது. அவர் தம் உழைப்பை விற்று வாழ்பவர். அதே வேளையில் பிறர் உழைப்பை அட்டவணைப்படுத்தும் பொறுப்பைப் பெற விழைபவர். வகுப்பிலே சீமெந்தும் இயந்திரமும் மனிதரும் ‘வளம்’ என்ற ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றனர். அச்சொல்லைப் பயிலும் மாணவர், தாமும் மற்றொருவருடைய அட்டவணையில் ஒரு வளமே என்பதை எண்ண வாய்ப்பளிக்கப்படுவதில்லை. தாமதத்துக்கு இடந்தரும் மிகை நேரத்தைக் கணக்கிடக் கற்கும் அவர், வகுப்புக்கு வருவதற்காகத் தம் ஓய்வையும் குடும்பத்தோடு கழிக்கும் பொழுதையும் ஈந்தவர். அந்நேரம் எந்தக் கணக்கிலும் இடம்பெறுவதில்லை.

நமது நாட்டுக்கும் இவ்வினா புறம்பானதன்று. 30 ஆண்டுகளுக்கென வரையப்பட்ட மகாவலித் திட்டம், 1977 இன் பின்னர் ஆறாண்டுகளுக்குச் சுருக்கப்பட்டது. காலத்தைச் சுருக்குதல் வெறுங் கணக்கன்று. யாருடைய தேவைக்காக, யாருடைய இழப்பில் என்ற வினாவை அது உட்கொண்டுள்ளது. அத்தீர்மானத்தை எடுத்தோரும் அதன் விளைவைச் சுமந்த உழைப்பாளரும் குடியேறியோரும் ஒருவரல்லர்.

இவற்றால் திட்டமிடும் அறிவே வேண்டாவெனக் கூறுவது எமது நோக்கமன்று. மருத்துவமனையும் பாலமும் பாடசாலையும் திட்டமின்றி எழா. திட்டமிட்ட சமுதாயத்தை வேண்டி நிற்போர் திட்டமிடலைப் பழித்தல் பொருந்தாது. அவ்வறிவு முழுமையாகக் கற்பிக்கப்பட வேண்டும் என்பதே எமது கோரிக்கை. சலாகை வரைபைக் கற்பவர் வாட்டர்டவுன் வார்ப்புத் தொழிலாளரையும், பேர்ட் முறையைக் கற்பவர் அதன் அரசியலையும், மாலை வகுப்பிலே அமர்பவர் ஹொட்ஸ்கின் எழுப்பிய வினாவையும் அறிதல் வேண்டும். பாடத்தை யார் தீர்மானிக்கின்றனர் என்ற அவ்வினா 1823 இல் விடையின்றி ஒதுக்கப்பட்டது. மாலையிலே களைப்போடு வந்தமரும் மாணவரே அதனை மீண்டும் எழுப்பும் உரிமையும் தேவையும் உடையவர்.